கீழறையின் காய்ச்சலைக் கண்டுபிடித்த அக்காவுக்கு

முப்பத்துமூன்று ஆண்டுகள் மூச்சிரைக்காமல், முணுமுணுக்காமல் ஆய்வுக் கோபுரத்தின் படிகளை ஏறி இறங்கியவரே! கருவிகளின் கோணல் அறிந்த கைகாரரே! ஈர்ப்பு ஆய்வகத்தின் முதுநிலை உதவியாளரே, எங்கள் எல்லோருக்கும் அக்காவே! வணக்கம்.

உங்கள் பணிநிறைவு வாழ்த்து மடலுக்கு, "இனிமையா நாலு வரி எழுதினா போதும்மா" என்றார் இயக்குநர். அந்த நாலு வரி முடிந்துவிட்டது. இனி நடந்தது.

ஒளி மேலே ஏற ஏற, ஈர்ப்பால் அதன் அதிர்வெண் துளி குறைகிறது. முப்பது மீட்டருக்குப் பத்துக் கோடி கோடியில் மூன்று பங்கு. அதை அளக்கத்தான் கீழறையிலிருந்து உச்சியறைக்குக் கதிரை அனுப்பினோம். விடை இரு மடங்காக வந்தது. புதிய விதியே பிறந்துவிட்டதென்று பேராசிரியர்கள் பூரித்தார்கள். நீங்களோ இரண்டு அறையிலும் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டீர்கள்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில வைக்கிறதும்மா" என்று சிரித்தார் இயக்குநர்.

"காய்ச்சல் உங்க விடைக்குத்தான் சார்" என்றீர்கள்.

நாற்பது நாள் மணிக்கொரு தடவை குறித்தீர்கள். கீழறையில் இயந்திரச் சூடு. உச்சியறையில், பார்வையாளர் வியர்க்கக் கூடாதென்று இயக்குநரே போடச் சொன்ன ஏசி! கதிரை விடும் அணுக்கள் ஒன்றரை டிகிரி கூடுதலாகச் சூடானாலே, ஈர்ப்பு குறைக்கும் அதே அளவு அதிர்வெண் குறைந்துவிடும். இரண்டு அறையும் ஒரே சூட்டில் இருந்த மணிகளை மட்டும் பிரித்தெடுத்தீர்கள். விடை சரியாக வந்து உட்கார்ந்தது. தலைகுனிய இருந்த ஆய்வகம் தப்பியது.

அடுத்த வாரம் கட்டுரை அச்சுக்குப் போகிறது. ஆசிரியர்கள் ஒன்பது பேர். அவர்களில் இருவர் உச்சியறைக்கு ஏறியதே இல்லை. உங்களுக்குக் கடைசிப் பக்கத்தில், "உதவியாளருக்கு நன்றி". ஏன் என்று கேட்டால், "அவங்க காலேஜ் பக்கமே போகலையே" என்கிறார்கள். இதை எழுதும் நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அதைக் கேட்டபோது அந்தப் பட்டத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா, முழங்கால் வலி நீங்கி நூறாண்டு வாழுங்கள்! ஆனால் இந்த மடலை இன்று உங்களிடம் தரமாட்டோம். சட்டம் போட்டு ஆய்வக வாசலில், வருகிறவர் கண்ணுக்கு நேராக மாட்டுகிறோம். ஆசிரியர் வரிசையில் பத்தாவதாக நீங்கள் வந்த அன்று நாங்களே கழற்றி எடுத்து வருவோம்.

இப்படிக்கு,
ஆய்வக ஊழியர் பதினான்கு பேர்,
ஆசிரியர் ஒன்பதின்மரில் ஐவர்.
மற்ற நால்வருக்காகப் பேனா மேசைமேலேயே இருக்கிறது.