அடுத்த திங்கள் பரீட்சை

கணவன்: ஆமா, காலேஜ் வகுப்புல உன் பேரை நான்தான் பதிஞ்சேன். இப்ப என்ன அதுக்கு? உன் பாஸ்வேர்டு நம்ம கல்யாண நாள்தானே.

மனைவி: கோவமில்லைங்க. அந்த சீசாவை இப்படித் தள்ளுங்க, கழுவணும்.

கணவன்: கோவமில்லாதவ எதுக்கு இந்தத் தேய் தேய்க்கிற?

மனைவி: கிணத்துத் தண்ணி. அடியில படிஞ்சு கிடக்கு. எந்த வகுப்புல சேர்த்தீங்க?

கணவன்: வேதியியல் அறிமுகம். சனிக்கிழமை மட்டும்தான். ஜாலியா போயிட்டு வா.

மனைவி: பதினாலு வருஷமா இந்த லேப்ல தண்ணி பரிசோதிக்கிறேன். சின்னப் பசங்க நடுவுல உக்காந்து, சோதனைக் குழாயை எப்படிப் பிடிக்கணும்னு நான் கத்துக்கணுமா?

கணவன்: படிச்சா குறைஞ்சா போயிடுவே?

மனைவி: வகுப்புக்கே போக வேண்டாம், நேரா பரீட்சை எழுதித் தேறினா அந்தப் பாடம் முடிஞ்சதா எடுத்துக்குவாங்கன்னு சொன்னேன். அடுத்த திங்கள் பரீட்சைன்னும் சொன்னேன்.

கணவன்: சொன்னே. அதான்! தேறலைன்னா? வகுப்புல பேர் இருந்தா ஒரு பாதுகாப்பு...

மனைவி: வகுப்புல பேர் பதிஞ்சவங்க அந்தப் பரீட்சையை எழுதக் கூடாது. அதே விதியில அடுத்த வரி.

கணவன்: அடடா! எனக்கெப்படித் தெரியும்?

மனைவி: சரி, பேரை எடுத்துடலாமா?

கணவன்: கேட்டுப் பார்த்தேன். இந்தப் பருவம் முடியற வரைக்கும் எடுக்க முடியாதாம்.

மனைவி: விதியே தெரியாதவர் அதைப் போய் எதுக்குக் கேட்டீங்க?

கணவன்: அது... சும்மா, பொதுவா... என்ன நீ, போலீஸ் மாதிரி!

மனைவி: ஒண்ணுமில்லை. ஈரத்துணி எங்க?

கணவன்: உன் தோள்லதான் இருக்கு.

மனைவி: நம்ம தலைமை அதிகாரி இந்த மாசத்தோட ஓய்வு. அந்த நாற்காலி பட்டம் இருக்கிறவங்களுக்கு. எனக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி.

கணவன்: அடுத்த வருஷம் முடிச்சுக்கோயேன். யார் துரத்துறா?

மனைவி: பட்டம் யாருக்கும் இல்லைன்னா சர்வீஸ்ல மூத்தவருக்குப் போகும். அது நீங்க.

கணவன்: ஓ... அப்ப வேணும்னே பண்ணேங்கிறியா?

மனைவி: நான் எங்க சொன்னேன்?

கணவன்: வந்தா நம்ம வீட்டுக்குத்தானே வருது? நீ வந்தா என்ன, நான் வந்தா என்ன?

மனைவி: அதையேதாங்க நானும் கேக்கிறேன். நான் வந்தா என்ன?

கணவன்: ...சிரிப்பாங்க. பொண்டாட்டிகிட்ட லீவு கேட்டு நிக்கிறான் பாருன்னு இங்க ஒவ்வொருத்தனும் சிரிப்பான். உனக்கென்ன தெரியும்!

மனைவி: இதை முதல்லயே சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். இப்ப அதுக்குக்கூட மனசில்லை. விட்டுப்போச்சு.

கணவன்: பெரிய வார்த்தை எல்லாம் பேசாதே. உன்மேல எனக்கு இல்லாத அக்கறையா? போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, பரீட்சையைக்கூட விட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தியே. மறந்துட்டேனா நான்?

மனைவி: டாக்டர் வாயுன்னார்.

கணவன்: வலிச்சவனுக்கில்ல தெரியும்!

மனைவி: சாயங்காலம் ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. அதைப் பார்த்து, நல்ல வேளைன்னு அழுதேன் நான். பைத்தியக்காரி.

கணவன்: சரி... நடந்தது நடந்துபோச்சு. இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம்.

மனைவி: அடுத்த வருஷம் வேண்டாம். முடிஞ்சிடுச்சு.

கணவன்: என்ன முடிஞ்சிடுச்சு?

மனைவி: பரீட்சை. போன திங்களே எழுதிட்டேன். தேறிட்டேன்னு இன்னிக்குக் காலையில சொல்லிட்டாங்க. நீங்க நேத்து பதிஞ்ச பேர் தானா ரத்தாயிடுமாம்.

கணவன்: போன திங்களா? அன்னிக்கு உங்க அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுத்தானே போனே?

மனைவி: ஆமா.

கணவன்: பொய்! கட்டின புருஷன்கிட்ட இப்படி வாய் கூசாம... நிஜத் தேதியைச் சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

மனைவி: போன வருஷம் நிஜத் தேதியைத்தாங்க சொன்னேன். அன்னிக்குக் காலையிலதான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்துச்சு.