மூணாவது ஓலை

— மூட்டையைக் கீழ வைங்க அத்தான். விருதுநகர் ரயிலு இன்னும் ராஜபாளையத்தையே தாண்டியிருக்காது. பதில் சொல்லாம ஒங்களை ஏற விடமாட்டேன்.

— என்ன கேட்டே?

— காது கேக்காத மாதிரி நடிக்காதீய. கண்டியில எனக்கு ஒரு பொஞ்சாதி இருக்கான்னு அன்னைக்குக் கோயில்ல எந்திரிச்சுச் சொன்னீயளே, அது பொய்யா?

— அது கெடக்கட்டும் செல்வி. அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு வாரம் ஆகல. இப்பப் போயி பழசைக் கெளறுதியே.

— அத்தைதான் சொன்னா. நீங்க வந்து சேருறதுக்கு முந்தி, கடைசியா நான் கஞ்சி குடுத்தப்பச் சொன்னா. "எம்மவன் சின்னத்துரைக்கு எந்தச் சீமையிலயும் பொஞ்சாதி கெடையாதுட்டி. ஒன்னைப் போக விடணும்னுதான் அப்படிச் சொன்னான்"னா. கிண்ணத்துல இருந்த கஞ்சி அம்புட்டையும் அவ சேலையிலயே கொட்டிட்டேன்.

— அம்மாகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன். ஊர் பேச்சைக் கேட்டு அழுதுக்கிட்டே கெடந்தா. மனசு கேக்கல.

— அப்ப பொய்தான்.

— ஆமா. பொய்தான்.

— அஞ்சு வருசம் அத்தான்! கோயில்ல ரெண்டு தடவை கலியாண ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஞாயித்துக்கெழமை, பாதிரியாரு நம்ம ரெண்டு பேரு பேரையும் வாசிச்சு, இந்தக் கலியாணத்துக்குத் தடை சொல்ல ஆளுண்டான்னு கேக்காரு. ஊர்ல எவனும் வாயத் தொறக்கல. மாப்பிள்ளையே எந்திரிச்சு நிக்கான்! கண்டியில ஏற்கெனவே தாலி கட்டிட்டேங்கான்! எனக்கு அப்படியே செத்துரக் கூடாதான்னு இருந்துச்சு.

— ஒங்க வீட்டுத் தவசிமுத்து மாமா என் சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ளினாக. போகும்போது ஒன்னைத் திரும்பிப் பாத்தேன். அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல.

— ஏன் செஞ்சீய?

— லண்டன்ல சண்டை பிளேன் ஓட்ட ஆம்பளை போதல, பொம்பளைக்கும் தாராக, வந்து சேருன்னு பிளேன் ஓட்டப் படிச்ச ஒன்னைக் கூப்பிட்டாக. நீ கலியாணம் வச்சாச்சு, வரலன்னுட்டே.

— நானாத்தானே சொன்னேன்? ஒங்களைக் கட்டிக்கிடணும்னு எனக்கு ஆசை இருக்காதா?

— இருந்துச்சு. தெரியும். ஆனா ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப மேல ஒரு பிளேன் போச்சு. தெருவே அண்ணாந்து பாத்துச்சு, பாலு கறந்துக்கிட்டிருந்தவன் கூட எந்திரிச்சுட்டான். நீ மட்டும் குனிஞ்ச தலை நிமிராம கோழிக்குத் தவிடு பெசஞ்சுக்கிட்டிருந்தே.

— பாத்தா அழுதுருவேன்னு பாக்கல.

— அதான். ராஜபாளையம் பொட்டல்ல பிளேனைக் கொண்டாந்து எறக்கினவ இவதானான்னு ஆயிப்போச்சு. அன்னைக்குக் கூட்டத்துல நின்ன பெரியவரு ராஜு, "பொண்ணே, ரெக்கை ஆடலையே, எப்படிப் பறந்துச்சு"ன்னு கேட்டதுக்கு, எம்புட்டுச் சிரிச்சே! அந்தச் சிரிப்பு போயிருச்சுட்டி. தவிடு பெசையுத அந்த மொகத்தை ஆயுசு பூராப் பாக்க என்னால ஏலாது.

— எங்கிட்ட போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— சொல்லலயா? அய்யனார் கோவில் அருவிக்குப் போனப்ப, தலை தொவட்டிக்கிட்டு இருந்தே, அப்பச் சொன்னேன். போயிட்டு வா, நான் இருப்பேன்னேன். ஒங்களை விட்டுட்டுப் போவேனான்னு துண்டை என் மேல எறிஞ்சே.

— அதுக்கு? எனக்குப் பதிலா நீங்க முடிவெடுப்பீயளோ? மெட்ராஸ்ல டீச்சர் வேலை பாத்து, ஒரு வேளை தின்னு, சம்பளத்தைப் பூரா பிளேன் படிக்கக் கொட்டுனவ நான். எவன் எனக்கு வழி விட்டான்? போறதா இருந்தா நானே போயிருப்பேன். இருக்கணும்னா நானே இருந்திருப்பேன். குறுக்க நீங்க யாரு?

— நீ கேக்கது சரிதான். அன்னைக்கு இந்தப் புத்தி எனக்கு வரல.

— ரொம்ப வசதியாப் போச்சு.

— ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? வீட்டுல ஆளும் பேருமா இருந்துச்சு, கேக்க முடியல. ஆசை தீரப் பறந்தியா?

— பறந்தேன். பேக்டரியில செஞ்சு முடிச்ச சண்டை பிளேனை எடுத்துட்டுப் போயி, சண்டை போடுத பையங்க இருக்குற எடத்துல எறக்கணும். அதான் என் வேலை. ஒத்தையாத்தான் போகணும். பேச ரேடியோ கெடையாது. ரயில் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே போவேன்.

— சண்டைக்கு?

— அதுக்கு விடல. பொம்பளையாம். துப்பாக்கி இருக்கும், குண்டு இருக்காது.

— நல்லதாப் போச்சு.

— என்ன நல்லது? காலையில நான் கொண்டு போயி எறக்குவேன். மீசை கூட முளைக்காத பையன் ஒருத்தன், தாங்க்யூ மிஸ்ன்னு சொல்லிட்டு அதுலயே ஏறிப் போவான். மறுபடி அங்க போகும்போது அவன் எங்கன்னு கேப்பேன். வரலம்பாங்க. பொறவு கேக்குறதையே விட்டுட்டேன். நானே கொண்டு போயிக் குடுத்துக் கொன்ன மாதிரி இருக்கும் அத்தான்.

— நீ என்னட்டி செய்வே?

— மூடுபனின்னா எங்க ஆளுக யாரும் ஏற மாட்டாளுக. மொத வருசம் நான் ஏறுவேன். தைரியசாலின்னு நெனச்சாளுக. தைரியம் என்ன தைரியம், ஒங்க மேல உள்ள கோவந்தான். செத்தா சேதி வரட்டும், அந்தக் கண்டிக்காரியும் நீங்களும் சேந்து கேளுங்கன்னுதான் ஏறினேன்.

— ஏசுவே! அப்படிப் போவன்னு தெரிஞ்சிருந்தா என் நாக்கை அறுத்துப் போட்டிருப்பேனே.

— சாகல. சண்டைதான் முடிஞ்சுது. கையைக் குலுக்கி, வீட்டுக்குப் போங்கம்மான்னுட்டான். பம்பாய்க்குப் போனேன், கராச்சிக்குப் போனேன். பிளேன் கம்பெனிக்காரன் எல்லாம் மரியாதையா உக்கார வச்சு டீ குடுத்தான். பொம்பளை ஓட்டுதான்னு தெரிஞ்சா ஏறினவங்க எறங்கிருவாங்கன்னான். டிக்கெட் எழுத வாரியான்னு கேட்டான்.

— ஒன்னையவா?

— என்னையத்தான். இப்ப மகாராஜபுரத்துப் பள்ளிக்கூடத்துல ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கேன். மேல சத்தம் கேட்டா பிள்ளைக, பிளேனு டீச்சர், பிளேனுன்னு வெளிய ஓடுதுக. நான் சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு போர்டைப் பாத்தே நிக்கேன்.

— அப்ப நான் சொன்ன பொய்யி எதுக்கும் ஆகலயா செல்வி?

— ஆச்சு. பறந்த நாலு வருசத்துக்கு ஆச்சு. அந்த வருசங்களைத் திருப்பிக் குடுன்னா குடுக்க மாட்டேன். கோவம் இருக்கு, நன்றியும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும்.

— அழாத. ஆளுக பாக்குதாக.

— பாக்கட்டும். நீங்க என்ன பட்டீய? அதையாச்சும் சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல? பஸ் ஓட்டிக்கிட்டிருந்தேன், மொதலாளி வேண்டாம்னுட்டாரு. வன்னியம்பட்டியில எங்க வீட்டு வாசலை ஒருத்தன் மிதிக்கல. கண்டிக்காரன் கண்டிக்காரன்னு பேரே ஆயிப்போச்சு. சரி, அங்கயே போவோம்னு கப்பல் ஏறினேன். தேயிலைத் தோட்டத்துல லாரி ஓட்டுதேன். மலையும் குளிருமா இருக்கும். அம்புட்டுத்தான்.

— சோத்துக்கு?

— அது கெடக்கட்டும். பொங்கிப் போட ஆளு இருக்கு.

— போகாதீய அத்தான்.

— செல்வி...

— நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டுப் பழகல. இப்பக் கேக்கேன். எனக்கு ஆகாசமும் இல்ல, அத்தையும் போயிட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துல சாயங்காலம் மணி அடிச்ச பொறவு எங்க போறதுன்னே தெரியாம பெஞ்சுல உக்காந்திருக்கேன். பாதிரியாருகிட்ட நான் பேசுதேன். நம்ம ஓலையை மறுபடி வாசிக்கட்டும்.

— வண்டி சத்தம் கேக்குது.

— கேக்கட்டும்.

— அம்மாகிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன் செல்வி. பொய்யின்னு சத்தியம் பண்ணிட்டுப் பொறவு எந்த மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல? ஊருக்கு வரும்போதெல்லாம் அடுத்த தடவை சொல்லுவோம்னு விட்டுட்டேன். அவளும் போயிட்டா.

— என்னமும் இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அன்னைக்குத் தடை சொன்னது நீங்க ஒருத்தருதான். இந்தத் தடவை பாதிரியாரு கேக்கும்போது எவன் எந்திரிக்கப் போறான்?

— இந்தத் தடவையும் நான்தான் எந்திரிக்கணும் செல்வி. கண்டியில எனக்கு ஒரு பொஞ்சாதி இருக்கா. இந்தத் தடவை பொய்யில்ல.