பலராமன் பேனாவின் விலை

பேனாவுக்கு விலை வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ராமதாஸ். வாங்க வருகிறவரின் செருப்பைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கோயிலிலிருந்து நேராக வருகிறவருக்குக் காலில் செருப்பு இருக்காது. அப்போது அவர் பேனாவைத் திறக்கிற விதத்தைப் பார்ப்பேன். மூடியை மெதுவாகத் திருகுகிறவர் வாங்குவார். வெடுக்கென்று திருகுகிறவர் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவார். பதினோரு வருஷமாகத் தேரடி வீதியில் இதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காருங்கள். உங்கள் மனைவி வேதா எதிர்ச்சாரியில் நிற்பது எனக்குத் தெரிகிறது. உள்ளே வர இஷ்டமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். நேற்று ஐயங்குளக்கரையில் அவளுடைய அப்பாவுக்கு நீங்கள் திதி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அடி அண்ணாமலையில் அவருக்குப் பக்கத்து வீட்டு ஆராயி பார்த்துவிட்டு, "பங்குனியில செத்தவருக்கு இன்னாத்துக்கு ஆடியில திதி குடுக்கறீங்க?" என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

பலராமன் அண்ணனும் நானும் சேர்ந்துதான் தொழிலை ஆரம்பித்தோம். அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் கடைசல் பட்டறை போட்டு, எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் கம்பியைக் கடைந்து அவர் பேனா செய்வார். நான் இங்கே விற்பேன். மூடியின் நுனியில் மயிரிழை போல மூன்று வளையம் போடுவார். வேறு யாருக்கும் அது அவ்வளவு சன்னமாக விழாது. பேனாவைத் துணியால் தேய்த்து மெருகேற்றுவது அவர் மகள் வேதாவின் வேலை. அப்போது அவளுக்குப் பாவாடை கட்டுகிற வயசு. என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

ஐம்பத்தெட்டில் அவள் உங்களோடு சென்னைக்குப் போனாள். நீங்கள் வேறு சாதி. பங்காளிகள் அரிவாளோடு நின்றார்கள். அண்ணனும் வாசலில் நின்று, "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார். ஒரு மாசம்கூட ஆகவில்லை, அந்த வார்த்தையை நினைத்து அழ ஆரம்பித்தார். தீபத்தன்று மலை சுற்றுகிற கூட்டம் அவர் வீட்டு வழியாகத்தான் போகும். பட்டறையை நிறுத்திவிட்டு வழியோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். மறுநாள் என்னிடம், "இந்த வருசமும் வரல தம்பி" என்பார். அவ்வளவுதான். மறுபடி கடைய உட்கார்ந்துவிடுவார்.

அறுபத்திரண்டு தை மாசம் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். மெதுவாகத் திருகுகிறவர். பன்னிரண்டு ரூபாய் சொன்னேன், பத்துக்குக் கேட்டார். பிறகு, "இதைச் செய்யறவரை நேர்ல பாக்கணுமே. நெறைய வேணும்" என்றார். நேரில் பார்த்தால் நேரிலேயே வாங்குவார், நான் எதற்கு? யோசிக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "அவர் தவறிட்டாருங்க. இருக்கிறது இவ்வளவுதான்" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்பின் பேரம் பேசவில்லை. நாலு பேனா வாங்கினார்.

அதுவரை நான் பேனாவுக்குத்தான் விலை வைத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களிடம் முப்பத்தைந்து வரை போயிற்று. அண்ணனுக்கும் நான் குறை வைக்கவில்லை. பேனாவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். "வெயில்ல நீங்க ஏன்ணே டவுனுக்கு நடந்து வரணும்? நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. சொந்தத் தம்பி இருந்தால்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று ஆராயியிடம் சொன்னாராம்.

அந்த வருஷம் ஆனி மாசம் வேதா வந்தாள். அவள் ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் அந்த டாக்டர் வந்துபோவார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சட்டைப் பையில் மூன்று வளையத்தைப் பார்த்திருக்கிறாள். கேட்டிருக்கிறாள். அவரும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்.

கடையில் அப்போது இரண்டு வெள்ளைக்காரர்கள் பேனா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிவந்த ஆளுக்குத் தமிழ் தெரியும்; நான் என்ன சொன்னாலும் அவர்கள் காதுக்குப் போய்விடும். வேதா படியேறாமல் கீழேயே நின்று, "சித்தப்பா, அப்பா போயிட்டாராமே. நெஜந்தானா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட நேரத்தில் அண்ணன் நாலு மைலுக்கு அந்தப் பக்கம் கடைந்துகொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

"எப்போ?"

"போன ஆடி. அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள்.

அவர் தினமும் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யில் கொஞ்சம் நிஜத்தைக் கலந்தால் அது எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. "ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். "பங்காளிங்க கோவம் இன்னும் அடங்கல. அந்தப் பக்கம் போவாதே" என்று தடுத்தேன். அது அவளுடைய நல்லதுக்கும்தான். அப்பாவுடைய சாமான் ஏதாவது கிடைத்தால் அனுப்பச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

மறுநாள் பேனா எடுக்கப் போனேன். "வேதா பத்தி சேதி உண்டா தம்பி?" என்றார் அண்ணன். வழக்கமாகக் கேட்பதுதான்.

"இல்லண்ணே" என்றேன். நானும் வழக்கமாகச் சொல்வதுதான்.

அந்த ஆடியில் நீங்கள் சென்னையில் முதல் திதி கொடுத்தீர்கள். மறு ஆடியில் இரண்டாவது. இரண்டு தடவையும் அவர் திடமாகத்தான் இருந்தார்.

இந்த மாசியில் நெஞ்சுச் சளி வைத்துக்கொண்டது. டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிப் போனது நான்தான். பங்குனி பிறந்தபோது அவருக்கே தெரிந்துவிட்டது. "எப்படியாச்சும் விலாசம் விசாரிச்சு ஒரு கார்டு போடு தம்பி. அப்பன் தப்பு பண்ணிட்டான், வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போன்னு எழுது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கடைந்த பேனாவாலேயே எழுதினேன். சரியான விலாசத்தைத்தான் எழுதினேன். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். தபால் பெட்டியைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன்.

வந்திருந்தால் அவள் என்னைத்தானே முதலில் கேட்பாள்?

எட்டு நாள் இருந்தார். கார்டு போக ரெண்டு நாள், கிளம்பி வர ஒரு நாள் என்று விரலை மடக்கினார். நாலாம் நாள் கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். நானும் ஆராயியும் திருப்பினோம். ஏழாம் நாள், "அவளுக்குக் கோவம் தீரல போல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. மறுநாள் போய்விட்டார். கடைசி வரை பக்கத்தில் இருந்தவன் நான்தான். ஆராயியைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் போன பிறகு நான் விலையை ஏற்றவில்லை. ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது.

வேதாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கார்டு என் பெட்டியில் இருக்கிறது, வேண்டுமென்றால் தருகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆனியில் வந்த அன்று, புறப்படுவதற்கு முன் அவள் படியேறி வந்து, அப்பா நினைவாக ஒன்று வேண்டும் என்று ஒரு பேனாவைக் கையில் எடுத்தாள். அதே பேனாவுக்கு அந்த வெள்ளைக்காரர்கள் முப்பத்தைந்துக்குச் சம்மதித்து நின்றிருந்தார்கள். நான் அவளிடம் முப்பதுதான் வாங்கினேன்.