தெரேசம்மாள் இருந்த சுவர்

சுவர் ஆடுகிறது. பிரேக்கர் மெஷின் டர்ர்ர் என்று ஓடுகிறது. நிற்கிறது. மறுபடி ஓடுகிறது.

"தள்ளுங்க, தள்ளுங்க! காரை வருது!"

மேஸ்திரி கத்துகிறார். சித்தாள் பெண்கள் சட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிறார்கள். நான் உள்ளே ஓடுகிறேன். கையில் பசை வாளி. தோளில் காடாத் துணி. கண் நிறையச் சுண்ணாம்புத் தூசி.

முதலில் விழுந்தது சுவர்ப் படத்துச் சம்மனசின் இறக்கை. பிறகு அம்பு. பிறகு அவள் முகம். அதற்குப் பெரிய சத்தம் இல்லை. ஈர மூட்டையை இறக்கி வைத்தது போல, தொப். மணி பன்னிரண்டு இருபது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து மூன்றாம் செவ்வாய்.

நான் வெள்ளையடிக்கிறவன். ஐந்தாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

கன்னிவாடி மலையடிவாரத்தில் எங்கள் கோயில். உள்சுவரில் நான்கு படங்கள் இருந்தன. சுண்ணாம்புக் காரையின் மேல் எழுதியவை. அசிசி பிரான்சிஸ் இயேசுவின் ஐந்து காயத்தைத் தன் உடம்பில் வாங்குகிறார். அந்தோணியார் கையில் பாலன் இயேசு வந்து உட்கார்ந்திருக்கிறார். மார்கரீத் அம்மாள் எரியும் திரு இருதயத்தைக் காண்கிறாள். நான்காவது அவிலா தெரேசம்மாள். வானத்திலிருந்து வந்த சம்மனசு நெருப்பு முனை அம்பை அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறது. தலை சாய்ந்து, கண் மூடி, வாய் பாதி திறந்து கிடக்கிறாள். ஒரு பாதம் மேகத்துக்கு வெளியே தொங்கும். வருஷா வருஷம் அவர்களைச் சுற்றித்தான் வெள்ளையடித்தேன். ஒரு சொட்டு மேலே பட்டதில்லை.

என் மனைவி செல்வராணிக்கு வேடசந்தூர் மில்லில் வேலை. மில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே தெரேசம்மாளிடம்தான் போவாள். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். "இவளும் ஷிப்ட் முடிஞ்சு வந்தவதான்டி. யாராச்சும் ஒரு வாய் காப்பி குடுங்க."

செல்வராணி சிரிக்க மாட்டாள். எங்கள் பிள்ளை பிறந்த எட்டாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அழுத இடம் அது ஒன்றுதான். ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அவளுக்கு வலிக்குது. ஆனா வேணாம்னு சொல்லலை பாருங்க."

கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவைத் தலைவருக்கு அந்த முகம் ஆகாது. "பொம்பள வாயப் பொளந்து கிடக்குறா. பிள்ளைக பாக்குற எடம்." அவர் கொண்டுவந்தது டைல்ஸில் அச்சடித்த படங்கள். புனிதர்கள் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பது போலச் சிரிக்கிறார்கள். பிரான்சிஸ் கையில் காயம் இல்லை. கடவுள் தொட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவே இவர்களுக்கு வெட்கம்.

ஞாயிறு பூசை முடிந்து, பழைய சுவரை இடித்து டைல்ஸ் படம் வைக்கப் போவதாக அறிவிப்பு வாசித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் எந்த அறிவிப்புக்கும் கைதட்டுவோம். நானும் தட்டினேன்.

மேஸ்திரி ஒட்டன்சத்திரத்துக்காரர். செவ்வாய் காலை அவரிடம் மட்டும் மெதுவாகப் பேசினேன். படத்தின் மேல் பசை போட்டுத் துணி ஒட்டிக் காயவிட்டால், பின்னால் உளி கொடுத்துக் காரையோடு எடுத்துவிடலாம். முகம் மட்டும் போதும்.

"பன்னண்டு மணி அடிச்சா சாப்பாட்டுக்கு நிறுத்திருவோமுங்க. அப்ப எடுத்துக்கங்க" என்றார்.

பன்னிரண்டுக்கு மூவேளை செபத்து மணி. அது கேட்டால் எங்கள் ஊரில் கடப்பாரையும் நிற்கும். வேப்பமரத்தடியில் பசையைக் கிண்டிக்கொண்டு காத்திருந்தேன்.

எங்கள் மணி இப்போது கயிற்றில் இல்லை. ஒலிபெருக்கியில் வரும் ரெக்கார்டு மணி. கோயிலுக்குள் பெரிய பிளக் ஒன்றுதான். அதிலிருந்த மணி ஒயரைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகியிருந்தார்கள். செய்தவர் தலைவர். மணி அடிக்கவில்லை. வேலை நிற்கவில்லை.

நிழல் காலடிக்கு வந்துவிட்டது. நேரம் தாண்டியது எனக்குத் தெரிந்தது. தலைவர் வாசலில் நின்றார். அவரைத் தாண்டிப் போய்ச் சொல்ல வாய் எழவில்லை. அடிக்காத மணிக்காக இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மெஷின் சத்தம் மாறியது. செங்கலிலிருந்து காரைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஓடினேன்.

"மணி அடிக்கவே இல்லீங்களே" என்றார் மேஸ்திரி. அவர் மேல் குற்றமில்லை.

தலைவர் வந்து பார்த்தார். "என்னப்பு, குப்பைக்கு அழுகுற? புதுசு வருதுல்ல."

குப்பை. அறுந்த ஜெபமாலையைக்கூட நாங்கள் குப்பையில் போடுவதில்லை. மண்ணில் புதைப்போம். நான்கு புனிதர்களையும் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய், செம்பட்டி ரோட்டோரம் கார் நிறுத்துவதற்கு வெட்டிய பள்ளத்தில் கொட்டினார்கள். நாலு மணிக்கு மேலே ரோலர் ஓடியது. முன்னும் பின்னுமாக மூன்று தடவை. நான் எண்ணினேன்.

போனவை இவை. காயம் ஐந்து. பாலன் ஒருவர். எரிகிற இருதயம் ஒன்று. அம்போடு ஒரு சம்மனசு. வலியை வேண்டாம் என்று சொல்லாத முகம் ஒன்று. கிடைத்தது தெரேசம்மாளின் ஒரு பாதம், கைப்பிடி அளவு. பிள்ளைக்கு வாங்கிய துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் செல்வராணி. அவள் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. அவளையும் கணக்கில் சேருங்கள்.

தட்டிய கை, என்னுடையது இரண்டு. சொல்லாத சொல் ஒன்று. நிறுத்து.