ஏழாம் வருட மொட்டு

நிழல் என்றால் எல்லாம் ஒரே நிழல்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஐயா. அப்படி இல்லை. சுவர் நிழல் வேறு, மர நிழல் வேறு. சுவர் நிழலில் செடி வெளுத்துச் சோர்ந்துவிடும். மர நிழலில் காற்று இருக்கும், இலை இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்து போகும். என் செடிக்கு அந்த நிழல்தான் ஆகும். வேறு எதுவும் ஆகாது.

முப்பத்திரண்டு வருடம் தையல் கடையில் காஜா எடுத்தவள் நான். சட்டைப் பொத்தானுக்குத் துளை போட்டு விளிம்பு கட்டுகிற வேலை. கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை, அதற்காக நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை. கோட்டு தைக்க வந்த வனத்துறைக்காரர் ஒருவர், பேச்சுவாக்கில், ஈரப் பஞ்சில் சுற்றிய ஐந்து விதைகளை என் கையில் கொடுத்தார். அடர்ந்த காட்டில் பெரிய மரங்களின் காலடியில் வளர்வதாம். ஒரு தண்டு, மூன்று இலை, நடுவில் மூன்று இதழோடு ஒரே ஒரு பூ.

"பொறுமை இருக்கா உங்களுக்கு? பூக்கறதுக்கு ஏழு வருஷம் ஆகும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என்னிடம் வேறு என்ன இருந்தது?

வீட்டுக் கொல்லையில் இருந்த பெரிய மரத்தடியில் ஊன்றினேன். முதல் வருடம் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் வருடம் நகத்தளவு ஒற்றை இலை. நாலு விதை போய்விட்டது, ஒன்று நின்றது. மரத்திலிருந்து உதிர்ந்த இலைகளை மக்கவைத்து, சல்லடையில் சலித்து, கையாலேயே அதைச் சுற்றிப் பரப்புவேன். நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். பக்கத்தில் மிதித்து மண் இறுகினால் கிழங்கு அழுகிவிடும். பிடுங்கி வேறு இடத்தில் வைத்தாலோ, கோபித்துக்கொண்டு வருடக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஆக, அந்த மரம் இருந்தால்தான் அந்தச் செடி.

தம்பி மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று, "அக்கா, ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்றான். ஓரமாக இருக்கத் தெரியாத ஆள். எழுந்ததும் ரேடியோ, குளியலறையில் பாட்டு, வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்று கிண்டல். அவன் வந்த பிறகுதான் அது வீடு மாதிரி இருந்தது. செடிக்கு மகாராணி என்று பெயர் வைத்ததும் அவன்தான். கேலிதான் செய்வானே தவிர, செடிப் பக்கம் கால் வைக்க மாட்டான்.

இந்த வருடம் மொட்டு வைத்தது. மிளகளவு. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்கா ஏழு வருஷம்? எங்க டிப்போவில லீவு இதவிடச் சீக்கிரமா குடுப்பாங்க" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அதற்கு நாலாம் நாள் நகராட்சியிலிருந்து மர ஆய்வாளர் வந்தார். தம்பி கடைக்குப் போயிருந்தான். அவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, ஏணி வைத்து ஏறிக் கிளையையும் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பின் அறைக்கு மேலே நீண்டிருந்த பெருங்கிளை உள்ளே உளுத்துப்போயிருந்தது.

"எப்ப வேணாலும் விழலாம்மா. இதுல கையெழுத்துப் போடுங்க, திங்கக்கிழமை ஆளுங்க வந்து மரத்த எடுத்துடுவாங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க."

"ரெண்டு வாரம் கழிச்சு எடுக்கலாமா?"

காரணத்தைச் சொல்லி மொட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். "செடி போனா வேற வெச்சுக்கலாம்மா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. வீட்டில் தம்பிக்கும் பங்கு உண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டேன். நூல்கண்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து நீங்கள் எடுத்தது அதுதான்.

தம்பியிடம் சொல்லவில்லை. வண்டியில் லேசாகச் சத்தம் வந்தாலே ஓரம் கட்டிவிடுகிறவன் அவன். சொன்னால் அன்றைக்கே கோடரியைத் தேடியிருப்பான். நான் அதிகம் ஆசைப்படவில்லை, ஐயா. பத்துப் பன்னிரண்டு நாள். பூவைப் பார்த்துவிட்டு நானே ஆட்களைக் கூப்பிட்டிருப்பேன்.

ஆய்வாளர் வந்துபோன ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின் அறையில் படுத்தான். காற்றுகூடப் பலமாக இல்லை. நான் முன்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முறிகிற சத்தம் நீளமாகக் கேட்டது, அடுத்து ஓடுகள் நொறுங்கின. கொல்லைக் கதவைத் திறந்தேன். கிளை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வெயில் நேராகச் செடி மேல் விழுந்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த போர்வையை எடுத்து, நாலு குச்சி ஊன்றி, மறைப்புக் கட்டினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து "அக்கா" என்று இரண்டு தடவை கேட்டது. முடிச்சுப் போட்டு முடித்தபோது சத்தம் இல்லை.

ஸ்ட்ரெச்சரோடு குறுக்கே வரப் பார்த்தவர்களைச் சுற்றி வரச் சொன்னதும் உண்மைதான். பக்கத்து வீட்டு வாத்தியார் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூத்தது. அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன காலை. நல்ல வெள்ளை. நான் நினைத்ததைவிடச் சிறியது.

நான் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவன் என் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனுடைய சட்டை ஒன்று பொத்தான் அறுந்து கிடந்தது. நேற்று அதைத் தைத்து முடித்த பிறகுதான், போட்டுக்கொள்ள ஆள் இல்லை என்பது உறைத்தது. சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இன்னும் எவ்வளவு நாள் அழுவேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பின் அறை அவனுடையது இல்லை. பதினைந்து வருடமாக நான் படுத்த அறை. ஆய்வாளர் வந்து போன அன்று சாயங்காலம்தான் மாற்றிக்கொண்டோம். "உனக்கு முதுகெல்லாம் வேர்க்குதேடா, அங்க காத்து நல்லா வரும், நீ படுத்துக்கோ" என்றேன். கட்டிலை அவனே தூக்கிவந்து போட்டான். அக்கா எனக்காக ரூமையே விட்டுக்கொடுத்துட்டா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அறையைப் பூட்டி வைத்திருக்கலாமே என்பீர்கள். பூட்டினால் ஏன் என்று கேட்பான். கேட்டால் மரம் போய்விடும். இரண்டு பேரில் ஒருவர் அங்கே படுத்துத்தான் ஆக வேண்டும் என்று இருந்தது. எனக்கு உயிர் மேல் ஆசை கிடையாது, அதை எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவனுக்குச் செடி வளர்க்கத் தெரியாது, ஐயா.