ராகு காலத்து ரயில்

"ராகு காலத்து ரயில்தான் மலிவு" என்று முன் இருக்கையில் இருந்தவர் சொன்னதும் என் காது நிமிர்ந்துவிட்டது. ரொம்சோஸ் என்ற புறநகருக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். மகனுக்குப் பெண் பார்க்கப் பக்கத்து நாடான ஸ்வீடனுக்கு ரயிலில் போகப்போகிறார்களாம்.

"பொம்பிளை பாக்கப் போறதுக்கு ராகு காலத்திலையோ வெளிக்கிடுறது?"

"வீட்டாலை நல்ல நேரத்திலை வெளிக்கிடுவம். பிறகு ஸ்டேசனிலை இருந்திட்டு ஏறுவம்."

"ரயிலுக்கை ராகு இருக்குமேயப்பா!"

"அவருக்கு நான் டிக்கெட் எடுக்கேல்லை. எல்லையிலை இறக்கி விட்டிடுவாங்கள்."

"பகிடியை விடுங்கோ. பொம்பிளை வீட்டுக்காரர் அறிஞ்சால் என்ன நினைப்பினம்?"

"இந்த மலிவு ரயிலைத் தேடிப் பிடிச்சுத் தந்ததே பொம்பிளையின்ரை தகப்பன்தான்."



"அப்ப பிறகென்ன, எங்களுக்கு ஏத்த இடம்தான்."