பறக்கிறவன் வீட்டுக் கூரை

— இறங்கி வாடா மாப்ள. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்குது.

— எதுவும் கேட்க மாட்டேன்னு சொல்லு மச்சான், இறங்கறேன்.

— ஊர்லயே பறக்கத் தெரிஞ்ச ஒருத்தன், ஈரப்பலா மரத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான். வெளியே சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். கத்தாதே. அங்க பாதையில வர்றது யாரு? சலோத்தே அத்தையா?

— அவங்கதான். கையில பாய்க்கட்டு. முட்டிவலி, மெதுவாத்தான் வர்றாங்க.

— போச்சு. சூவா பட்டணத்துல அவங்க கொழுந்தன் செத்துட்டார், சாவு வீட்டுக்குப் பாய் போகணும். காலையிலேருந்து என்னைத் தேடறாங்க.

— வியாழக்கிழமை கப்பல் போகுதே.

— நான் இருக்கறப்ப கப்பல் எதுக்கு? இந்தத் தீவுல இப்ப எவனும் கப்பலைப் பத்திப் பேசறதே இல்லை. "அபெனிசா, ஒரே ஒரு நடைதான், கேரேகேரே." அவ்வளவுதான். சொந்தக்காரன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுட்டா, ஃபிஜியில எவன் வாயிலயாவது 'இல்லை' வருமா? எங்கப்பா சட்டையைக் கேட்டவனுக்குக் கழட்டிக் குடுத்துட்டு, வெறும் உடம்போட சர்ச்சுக்குப் போனவரு.

— அவசரப்படாதே. மரவள்ளிக்கிழங்கு கொண்டாந்திருக்கேன், தேங்காய்ப்பால் ஊத்தினது. திங்கறியா?

— அப்புறம் திங்கறேன். அத்தை எங்க வர்றாங்க, பாரு.

— இன்னும் கடலோரத்துலதான். ஏன் மாப்ள, மேலேருந்து பார்த்தா பவளப்பாறை எப்படி இருக்கும்? ரொம்ப நாளாக் கேட்கணும்னு...

— கேட்கணும்னு சொல்லாதே! பாறை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.

— தெரியாதா? தினம் அது மேலதானே போறே?

— முதல் நடையில கையில பன்னிக்குட்டி இருந்துச்சு. அது மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே போனேன். நடுக்கடல்ல என் மேலயே பேஞ்சுது. அடுத்த நடை போதகரோட சம்சாரம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு சூவா வரைக்கும் சத்தமா ஜெபம், நடுநடுவுல "இடது பக்கம் போ, இடது பக்கம்"னு அதட்டல் வேற. கையில ஒண்ணுமில்லாம, சும்மா, ஒரு தடவைகூட நான் பறந்ததில்லை மச்சான்.

— எனக்கு மட்டும் அது இருந்தா...

— இருந்தா என்ன கிழிப்பே? என் வீட்டைப் பாரு. புயல் அடிச்சு எத்தனை மாசம் ஆச்சு? ஊர்ல எல்லார் கூரைக்கும் தகரம் நான்தான் தூக்கிட்டு வந்தேன். என் வீட்டு மேல இன்னும் தார்ப்பாய். உன் தங்கச்சி புள்ளையைத் தூக்கிக்கிட்டு உங்க ஊருக்குப் போயிட்டா. "கூரை போட்டுட்டுக் கூப்பிடு"ன்னுட்டா. என் தகரம் சூவாவுல கடைக்குப் பின்னாடி துருப்பிடிச்சுக் கிடக்கு. எடுக்கப் போனா கடைவாசல்லயே எவனாவது ஒரு சொந்தக்காரன் மூட்டையோட நிக்கறான்.

— புள்ளை நடக்க ஆரம்பிச்சுட்டான் மாப்ள.

— என்னது?

— நேத்து. வாசப்படியிலேருந்து சமையல் குடிசை வரைக்கும். அங்க போய்த் தொப்புனு உட்கார்ந்தான்.

— எனக்கு யாரும் சொல்லலையே.

— சொல்லத்தான் வந்தேன். நீ மரத்துல இருக்கே.

— முந்தாநாள் உங்க ஊர் மேலதான் போனேன். முதுகுல யாரோட கேஸ் அடுப்போ. இறங்க முடியலை. உங்க வீட்டுப் புகையைப் பார்த்தேன், அழுகையா வந்துச்சு. கண்ணைத் துடைக்கக்கூட கை சும்மா இல்லை.

— அந்த எமோசி மாமாகிட்ட நீ ஏன்டா இதைப் போய்க் கேட்டே?

— புத்தி கெட்டுப்போச்சு. தென்னை உயரத்துல அவர் பறந்து போறதைப் பார்த்தேன், ஆசை வந்துடுச்சு. "மாமா, கேரேகேரே, அதை எனக்குக் குடுங்க"ன்னேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். குடுத்தார். கூடவே ஒரு பன்னியும் குடுத்தார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

— இப்ப என்ன பண்றார்?

— தூங்கறார். எவன் எழுப்பினாலும் புரண்டு படுத்துக்கறாராம்.

— நீயும் யார் தலையிலயாவது கட்டிவிட வேண்டியதுதானே?

— நானா குடுக்க முடியாது, ஒருத்தன் வந்து கேட்கணும். எவன் கேட்பான்? நான் இருக்கறப்ப அவங்களுக்கு எதுக்கு இறக்கை?

— சரி. நான் கேட்கறேன்.

— என்ன கேட்கறே?

— அதைத்தான். பறக்கறதை. கேரேகேரே, மாப்ள.

— வாயை மூடு! படகைக் கேளு. வலையைக் கேளு. ரெண்டு பன்னி இருக்கு, ஓட்டிக்கிட்டுப் போ. இது வேண்டாம்.

— உன் படகுல ஓட்டை. எனக்கு இதுதான் வேணும்.

— புரியாமப் பேசறே சகியூசா. நீ நல்லவன். உன்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க.

— அவசரப்படாதே. எனக்குப் பொண்டாட்டி இல்லை, புள்ளை இல்லை, நீ தூக்கிட்டு வந்த தகரத்துல கூரையும் போட்டாச்சு. அதுவும் இல்லாம, ஒரு வாரமா மீன் பிடிக்கப் போறப்ப தனியா உட்கார்ந்து 'முடியாது', 'முடியாது'ன்னு சொல்லிப் பழகியிருக்கேன். நல்லாவே வருது.

— மீனுக்குச் சொல்றது சுலபம்டா.

— உண்மையைச் சொல்றேன். லிட்டியானாதான் அனுப்பிச்சா. நம்ம வழக்கப்படி அண்ணன் தங்கச்சி நாங்க நேருக்கு நேர் பேசிக்கறதில்லையே, அம்மா மூலமா சொல்லி அனுப்பிச்சா. "என் புருஷனைத் தரையில இறக்கி விடச் சொல்லு"ன்னாளாம். நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?

— பார்த்தியா? அங்கயே உனக்கு 'முடியாது' வரலை.

— அத்தை சர்ச்சைத் தாண்டிட்டாங்க. குடுக்கறியா, இல்லையா?

— எடுத்துக்கோ! குடுத்துட்டேன்... ஐயோ, கிளை! மச்சான், கால் வழுக்குது!

— பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன். டேய், நான் மேலே வந்துட்டேன்! என் காலைப் பாரு, தரையே இல்லை! அடேயப்பா, அந்தப் பாறை... நீலத்துக்குள்ள ஒரு பச்சை ஓடுது பாரு மாப்ள!

— அப்புறம் பார்க்கலாம். என்னைக் கீழே விடு.

— இந்தா, விட்டுட்டேன். எப்படி இருக்கு தரை?

— காலெல்லாம் கனக்குது. நல்லா இருக்கு மச்சான். நடந்தே போய் என் புள்ளையைப் பார்ப்பேன் இனிமே. சிரிப்பா வருது எனக்கு.

— சிரி, சிரி. நான் போய் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். கையில ஒண்ணுமில்லாம, சும்மா. அத்தைகிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்.

— மச்சான், ஒரு நிமிஷம்.

— என்ன?

— கோவிச்சுக்காதே. அத்தை வந்து வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கறேன். ஒரே ஒரு நடைதான், கேரேகேரே... சூவாவுல என் தகரம் கிடக்கு.